சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளை வளையம்

பல் டாக்டர், சூடான பால் பாத்திரத்தைத் தூக்கினார். அடியில், பளபளக்கும் சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில், வெள்ளையாக ஒரு வளையம்.

ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். போகவில்லை. வீட்டில் யாரும் இல்லாததால், வாயில் வந்த வார்த்தையை முழுசாகவே சொன்னார். அதற்கும் போகவில்லை.

சூடான பாத்திரத்தை அப்படியே மேஜை மேல் வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் ஓய்ந்திருந்தது. மேஜை போனால் போகிறது. டாக்டரின் கவலை வேறு.

சில மாதங்களுக்கு முன்னால் மனைவி புதுக்காரைக் கேட் தூணில் உரசிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் டாக்டர், "கேட் தூண்" என்று மட்டும் சொல்வார். சண்டை முடிந்துவிடும். டிவி ரிமோட், ஜன்னல் திரையின் நிறம், விடுமுறைக்கு எங்கே போவது என்று எல்லாவற்றையும் அந்தத் தூண்தான் அவருக்கு ஜெயித்துக் கொடுத்தது.

இன்று சாயங்காலம், தங்கை வீட்டுக்குப் போயிருக்கிற மனைவி திரும்பி வந்ததும் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டும். மச்சினன் தன்னுடைய டிரம்ஸ் செட்டோடு மாடி அறையில் குடியேறலாமா, கூடாதா? மச்சினன் காலையில் எழுந்து பல் தேய்க்கிறானோ இல்லையோ, டிரம்ஸ் அடிப்பான். டாக்டர் தூணைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். இந்த வளையத்தை அவள் பார்த்தால் தூண் அதோடு சரி.

பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே இருந்தவளுக்குத் தெருவில் 'குறிப்பு அக்கா' என்று பெயர். எந்தக் கறையாக இருந்தாலும் அவளிடம் ஒரு வழி இருக்கும். அதுவும் இது அவளுக்குத் தெரிந்த மேஜை. இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய ஜோடி மேஜைகள்.

உள்ளே அக்காவின் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் தடித்த விரிப்பு. அதன் நடுவில் பெரிய பழக்கூடை.

"என்ன சார், மேஜை இருக்கும்போது மடியில சாப்பாடு?"

"மேஜையைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு டாக்டர். ஏன்னா..."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் மிச்ச ரொட்டியை மொத்தமாக வாயில் அடைத்துக்கொண்டார்.

டாக்டர் தன் கதையைச் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"சூட்டுத் தடமா தம்பி? வெள்ளையாவா? வட்டமாவா?"

"ஆமாக்கா. சாயங்காலத்துக்குள்ள போகணும். இல்லன்னா நான் போயிடுவேன்."

"இவ்வளவுதானே! பற்பசையைத் தடவி நல்லா அழுத்தித் தேய்ங்க."

அழுத்தித் தேய்க்காதீர்கள், எனாமல் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற டாக்டர், அன்றைக்குத் தோள்பட்டை நோக நோகத் தேய்த்தார். வளையம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பாலிஷ்தான் போனது.

அக்கா வந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் தேய்ச்சீங்க?"

"கை விட்டுப்போற வரைக்கும்."

"ம். அப்ப பற்பசை கிடையாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கவலைப்படாதீங்க தம்பி. உப்பையும் எண்ணெயையும் குழைச்சு அப்பி, கொஞ்ச நேரம் ஊற விடுங்க. கறை பறந்துடும்."

பாலிஷ் போன மரம் ரொம்ப நாள் பட்டினி கிடந்ததுபோல எண்ணெயைக் குடித்தது. உப்பை வழித்தபோது தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு திட்டு. அதன் நடுவில், முன்னைவிடப் பளிச்சென்று அந்த வெள்ளை வளையம்.

"கண்ணு மாதிரி இருக்குக்கா! நான் எங்க போனாலும் என்னையே பாக்குது!"

"எண்ணெய் உள்ள இறங்கிடுச்சா? அப்படியா!" அக்கா மோவாயில் விரல் வைத்து யோசித்தாள். "சரி, இஸ்திரிப் பெட்டியை எடுங்க. மேல ஒரு துண்டை விரிச்சு, நல்ல சூடா தேய்ங்க. எண்ணெய், வளையம் ரெண்டையும் துண்டு உறிஞ்சிடும்."

"மேஜையை இஸ்திரி போடறதா? யாராவது கேட்டா சிரிப்பாங்கக்கா."

"அப்ப மச்சினனுக்கு மாடி ரூமைப் பெருக்கி வைங்க."

டாக்டர் மறுபேச்சில்லாமல் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது பூப்போட்ட புதுத்துண்டு. பெட்டி சீறியது, ஆவி கிளம்பியது. துண்டைத் தூக்கிப் பார்த்தவர் அதை அப்படியே கீழே போட்டார். கறுப்புத் திட்டைச் சுற்றி மேஜையில் சிவப்புச் சிவப்பாகப் பூக்கள் பூத்திருந்தன.

"சாயம் போகாத துண்டா பாத்து எடுக்க வேணாமா தம்பி?"

"நீங்க சொல்லவே இல்லையேக்கா!"

"இதையெல்லாமா சொல்லணும்?" என்ற அக்கா, "நல்லவேளை" என்று முணுமுணுத்தாள்.

"எதுக்கா நல்லவேளை?" டாக்டர் கிட்டத்தட்டக் கத்தினார்.

"துண்டு பத்திக்கலையே, அதைச் சொன்னேன். இப்ப ஒரே வழிதான். பழுப்பு ஷூ பாலிஷ். மொத்த மேஜைக்கும் பூசிடுங்க. எல்லாம் ஒரே நிறமாயிட்டா எது கறை, எது மேஜைன்னு யாருக்குத் தெரியும்?"

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று தெரிந்தும், இவ்வளவு தூரம் சறுக்கியவருக்கு இன்னும் ஒரு முழம் பெரிதாகத் தெரியவில்லை. பூசினார். நிறம் ஒன்றானது உண்மை. ஆனால் பாலிஷ் காயவில்லை. விசிறினார், ஊதினார், மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டினார். மேஜை இளகி மினுமினுத்தது. வீடு முழுக்கச் செருப்புக்கடை வாசனை.

வாசலில் கார் வந்து நின்றது. அக்கா பின்வாசல் வழியாக நழுவினாள். டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை உருவி மேஜை மேல் போட்டார். நாற்காலியில் விழுந்து செய்தித்தாளைப் பிரித்தார்.

மனைவி உள்ளே வந்து, வெள்ளைக் கைப்பையை மேஜை மேல் வைத்தாள்.

"இதென்ன ஷூ வாசனை?"

"ஷூவா? நான் செருப்புதான் போட்டிருக்கேன்."

"பேப்பர் தலைகீழா இருக்கு."

அவள் பையை எடுத்தாள். அடிப்பக்கம் பழுப்பாக இருந்தது. விரிப்பை இழுத்தாள். அது வரவில்லை. பலமாக இழுத்தாள். பாதி அவள் கையோடு கிழிந்து வந்தது. மீதி மேஜையோடு இருந்துவிட்டது. பாலிஷ் பெயர்ந்த இடத்தில் பூக்களும் திட்டும் கண்ணும் எட்டிப் பார்த்தன.

மனைவி மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கோபப்படவில்லை. அதுதான் டாக்டருக்குப் பயமாக இருந்தது.

"டிரம்ஸை ஜன்னல் பக்கமா வைக்கச் சொல்றேன்" என்றாள் சாந்தமாக. "அவனுக்குக் காத்து வேணும்."

"கேட்... கேட் தூண்..." டாக்டர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"தூணா? அதுல ஒரு கோடு. இங்க ஒரு தோட்டமே இருக்கு!" அவள் போனை எடுத்தாள். "டேய், மூட்டையைக் கட்டு. உங்க அத்தானே கூப்பிடறார்."

டாக்டர் தோற்றுப்போனார். இனி ஆயுசுக்கும் எந்தச் சண்டையிலும் அவள் "மேஜை" என்று சொன்னால் போதும். கீழே சிதறிய விரிப்புத் துண்டுகளைப் பொறுக்கவாவது செய்வோம் என்று மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார். அங்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்ததால் உடனே வெளியே வரவில்லை.

அப்போது வாசல் கதவு திறந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். அறையில் மனைவி மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு, தைரியமாக உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கக்கா உன்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டு வரச் சொன்னா தங்கச்சி, முந்தாநாள் நீ எங்க மேஜைல சுடச்சுட குக்கரை வெச்சு உண்டாக்கின வளையத்துக்கு ஒரு குறிப்பும் சரிப்படாதாம், எல்லாத்தையும் உங்க மேஜைலயே போட்டுப் பாத்தாச்சாம்!"