பதினேழாம் எண் நிலத்து ஸ்ட்ராபெரி ஆய்வு

உலகில் நீதி இன்னும் சாகவில்லை என்பதற்குக் கண்கண்ட சாட்சி, ஜெர்மனியில் ரயில் பாதையோரம் இருக்கும் 'காலைப்பனி' தோட்டச் சங்கம்தான். வேலியின் உயரத்துக்குக்கூட அங்கே விதி உண்டு. தலையாய விதி: சங்கம் குத்தகைக்கு விட்ட ஒவ்வொரு துண்டு நிலத்திலும் மூன்றில் ஒரு பங்கு காய்கனி விளைய வேண்டும். இல்லாவிட்டால் நிலம் பறிபோகும்.

பதினேழாம் எண் நிலம் எல்கேயுடையது. முப்பது வருஷம் தபால் கொடுத்து முழங்கால் தேய்ந்து ஓய்வுபெற்றவள். பொழுதுக்கும் பேச்சுத்துணைக்கும் அந்த நிலம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஸ்ட்ராபெரி. கடையில் விற்கும் குண்டுப் பழமல்ல, சுண்டுவிரல் நகம் அளவு.

ஜூன் மாத 'சிறப்பு ஆய்வு'க்குத் தலைவர் ஹோல்கரும் செயலாளர் ஊவேயும் அளவு நாடாவோடு எழுந்தருளினார்கள்.

"என்னம்மா இது, களையா?" என்றார் ஹோல்கர்.

"ஸ்ட்ராபெரி, தலைவரே. இது ஆல்ப்ஸ் ரகம், கொடி விடாது. அது காட்டு ரகம், ஓடும்."

"ஓடுமா! யாரைக் கேட்டு ஓடுது?"

ஊவே எழுதிக்கொண்டார்: 'ஓடும் சுபாவம்.'

"காட்டுல வளர்றதைப் பயிர்னு எப்படிம்மா ஒத்துக்கிறது?"

"வாயில போட்டுப் பாருங்க, தெரியும்."

ஹோல்கர் ஒன்றைப் போட்டார். கண்ணை மூடினார். "ஒரே ஒரு பழத்தை வச்சுத் தீர்ப்பு சொன்னா செல்லாது. ஊவே, நீயும் பாருய்யா."

ஊவே பார்த்தார். கடமை என்று வந்துவிட்டால் இடுப்புவலியைப் பொருட்படுத்தாத மனிதர்கள்! மண்டியிட்டு, இலை இலையாய்ப் புரட்டி, ஆய்ந்தார்கள்.

"அந்த வரிசை சரியா விளங்கல. மறுபடி பார்க்கணும்."

"ஐயோ, கொஞ்சம் மிச்சம் வைங்களேன்!"

"ஒரு செடியைப் பார்த்து ஒரு செடியை விடச் சொல்றியா? பாரபட்சம்மா அது!"

ஒரு மணி நேரம். அளவு நாடா பிரிக்கப்படவேயில்லை. பிறகு ஊவே அங்கேயே படிவத்தை நிரப்பி நீட்டினார். 'நேரடி ஆய்வில் கனி எதுவும் காணப்படவில்லை. முப்பது நாளில் நிலத்தைக் காலி செய்யவும்.'

எல்கே வெறும் இலையாய் நின்ற செடிகளைக் காட்டினாள். "இவ்வளவு நேரம் இருந்த பழமெல்லாம் எங்க போச்சு?"

"அதைத்தாம்மா நாங்களும் கேக்குறோம்," என்றார் ஹோல்கர், மீசையைத் துடைத்துக்கொண்டு.

படிவத்தின் அடியில் சங்கத்தின் நீல முத்திரை. பக்கத்தில், ஈரம் காயாமல், மணக்க மணக்க ஒரு சிவப்புக் கட்டைவிரல் ரேகை. ஊர்க் கடிதங்களையெல்லாம் சுமந்தவளுக்குத் தெரியாதா? அந்தக் காகிதத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.