ரவைக்கு லைசென்ஸ் உண்டா?

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேர். பெற்றது நாலு, மற்ற இரண்டும் கொழுந்தன் பிள்ளைகள். ஆறு பேரில் ஒருவர் பேரில்கூட இதுவரை போலீஸ் வந்து கதவைத் தட்டியதில்லை. தட்டியது என் பேரில்தான். அதுவும் துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில், நாலாவது மாடியில், காலை பத்து மணிக்கு.

(மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.)

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கடலைக்காடு. காட்டுப்பன்றி தொல்லை. அதற்காக எங்கள் வீட்டுக்காரர் லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வரப்புத் தகராறில் பங்காளி ஒருவர், இவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு இவர் கையில் இருந்தது மண்வெட்டி. ஆனாலும் கேஸ் ஆனது, லைசென்ஸ் ரத்தானது, துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. பதினோரு வருஷம் கழித்துக் கோர்ட்டில் குற்றமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்துதான் லைசென்ஸைத் திரும்ப வாங்கினார்.

திரும்பக் கிடைத்த உரிமைக்குத்தான் எத்தனை நிபந்தனை. சொந்தக் காட்டைத் தாண்டி எடுத்துப்போகக் கூடாது. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வெடிக்கக் கூடாது. தோட்டா வருஷத்துக்கு இத்தனைதான். எலெக்ஷன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றியை மிரட்டலாம், கொல்லக் கூடாது. (இது பன்றிகளுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அவை ஓடுவதில்லை, நடந்துதான் போயின.)

"புது மாப்பிள்ளைய வீட்டுல வச்ச மாதிரில்லா இருக்கு" என்பார். ஆனாலும் தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். துடைத்து முடித்ததும் எழுந்து நின்று, இடது காலை ஓர் அடி முன்னே வைத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்து, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்ப்பார். சுட மாட்டார். பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய்ப் பூட்டுவார். அப்படி ஏழு மாதம். அப்புறம் அவரும் போய்விட்டார்.

அவருடைய கண்ணாடி, கைக்கடிகாரம் மாதிரி துப்பாக்கியும் எனக்குத்தான் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். உரிமை ஆளுக்குத்தானாம், வீட்டுக்கு இல்லையாம். ஊரில் இருக்கும் மூத்த மகள் அதைக் கொண்டுபோய் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தாள். நான் மூத்த மகன் முருகேசனோடு அஜ்மானுக்கு வந்துவிட்டேன்.

வந்தும் மனம் அடங்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டேன். வாரிசு என்ற முறையில் நான் லைசென்ஸ் கேட்கலாமாம். ஆனால் என் பேரில் எந்தக் கேஸும் இருக்கக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். பிள்ளைகள் நாலு பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் மூத்தவள், குவைத்தில் மங்காஃபில் சின்ன மகள், ஓமனில் சோஹாரில் சின்ன மகன், மூவரும் போட்டுவிட்டார்கள். போடாதவன் யார் சோற்றை நான் தின்கிறேனோ அவன்தான். "இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டான். எதுக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் சண்டை போட்டேன்.

வக்கீல் கடைசியாக ஒன்று சொன்னார். அதிகாரி தூக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கத் தெரிய வேண்டுமாம். அங்கேதான் சனியன் பிடித்தது.

முருகேசனும் மருமகளும் விடிந்ததும் துபாய்க்கு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் நானும் பத்து வயதுப் பேத்தி மித்ராவும்தான். தரை துடைக்கும் மாப்புக் கம்பை எடுத்தேன். துணிப் பக்கத்தைத் தோளில் பொருத்தி, தலையில் வெயில் படாமல் கறுப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பால்கனியில் போய் நின்றேன். எதிரே ஏசிப் பெட்டியின் மேல் இரண்டு புறா. இடது காலை முன்னே வைத்தேன். மூன்று நாள் இப்படிப் பழகினேன். புறாக்கள் என்னை மதிக்கவில்லை. எதிர்க் கட்டடத்தில் யாரோ மதித்துவிட்டார்கள்.

கதவைத் திறந்தால் போலீஸ்காரர் இருவர், ஒரு போலீஸ்காரப் பெண். பின்னால் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் பாய், "மாஃபி முஷ்கில் அம்மாஜி, மாஃபி முஷ்கில்" என்றார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அவர் முகத்தைப் பார்த்தால் நாலு பிரச்சினை தெரிந்தது.

இங்கே என் பேரில் ஒரு கேஸ் விழுந்தால் லைசென்ஸ் போச்சு. மகனுடைய விசாவும் போச்சு. மண்வெட்டிக்காக அவர் பதினோரு வருஷம் அலைந்தார், மாப்புக் கம்புக்காக நான் எத்தனை வருஷம் அலைவது?

பெரிய போலீஸ்காரர் மரியாதையாகத்தான் இங்கிலீஷில் கேட்டார். மித்ரா திருப்பிச் சொன்னாள். "ஆச்சி, கன் இருக்கான்னு கேக்காங்க."

நான் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. "இருக்குன்னு சொல்லு. முன்ன ஸ்டேஷன்ல இருந்துச்சு, இப்பம் கடையில இருக்கு" என்றேன்.

அவள் அதில் பாதியைச் சொன்னாள். எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது. சின்னப் போலீஸ்காரர் அலமாரிப் பக்கம் போனார்.

"புல்லட்ஸ் இருக்கான்னு கேக்காங்க ஆச்சி."

எங்கள் பக்கம் தோட்டாவை ரவை என்றுதான் சொல்வோம். "ரவை எல்லாத்தையும் தாத்தா போனதுமே கொடுத்தாச்சுன்னு சொல்லுட்டி" என்றேன்.

ஷார்ஜாவில் பிறந்து அஜ்மானில் வளர்கிற பிள்ளைக்கு எத்தனை ரவை தெரியும்? ஒரே ரவைதான் தெரியும். நேரே அடுப்படிக்கு ஓடினாள். நீல மூடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, பெரிய போலீஸ்காரரிடம் நீட்டினாள். இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆச்சிக்கு மறந்துவிட்டது என்று என்னைக் காட்டியும் கொடுத்தாள்.

அவர் டப்பாவைப் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். மோந்தும் பார்த்தார். (வறுத்த ரவை. வாசம் நன்றாக இருந்திருக்கும்.) இது எதற்கு என்று கேட்க, உப்புமாவுக்கு என்று மித்ரா சொன்னாள். தனக்கு உப்புமா பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் போலீஸ்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குப் பிறகு பெரிய போலீஸ்காரர் உட்கார்ந்தார். பால்கனியில் பிடித்தது எது என்று கேட்டு, மாப்புக் கம்பை வாங்கிப் பார்த்தார். யாரைக் குறிபார்த்தீர்கள் என்று கேட்டார்.

அதிகாரிக்காகப் பழகினேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது. "நான் யாரையும் குறி பாக்கல. அவுக எப்படி நின்னாவளோ அப்படி நின்னு பாத்தேன். கன்னத்த அதுல சாச்சிக்கிட்டா பக்கத்துல நிக்க மாதிரி இருக்கு."

மித்ரா சின்னதாக ஒரே வரி சொன்னாள். ஆச்சி தாத்தா மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள் என்று. பெரியவர் கம்பைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு கையாலும் கொடுத்தார்.

மத்தியானம் முருகேசன் லீவு சொல்லி ஓடிவந்தான். ஸ்டேஷனில், இனிமேல் அம்மா பால்கனியில் நீளமான எதையும் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தான். கேஸ் இல்லை. இந்த நாட்டிலும் எனக்கு ஒரு நிபந்தனை.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பேசியிருப்பேன். மித்ரா அவனிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். உள்ளே போனவன் ஆட்சேபணை இல்லை என்ற காகிதத்தோடு வந்தான். கையெழுத்துப் போட்டிருந்தது. "மாப்ப இனித் தொடாதீங்க" என்றான். அவ்வளவுதான்.

நாலு கையெழுத்தும் சேர்ந்த பிறகுதான் புத்தி வந்து வக்கீலிடம் கேட்டேன். துப்பாக்கியை அஜ்மானுக்குக் கொண்டுவரலாமா? முடியாது. ஊரில் பூட்டின வீட்டில் வைக்கலாமா? அதுவும் கூடாது. நான் அங்கே தனியாக இருந்து பார்த்துக்கொண்டால்தான் உண்டு. ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரம் பூராவும் மித்ரா என் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினாள். கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரேயடியாக எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் மூத்தவள் கடையிலிருந்து வீடியோ காலில் காட்டினாள். கட்டையில் அவர் கன்னம் படுகிற இடத்தில் மட்டும் பாலிஷ் போயிருந்தது. அந்த இடத்தையே காட்டச் சொன்னேன். போனில் சார்ஜ் தீரும்வரை காட்டினாள்.

இப்போதும் இந்த வீட்டில் உப்புமா என்றால் முருகேசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் சாப்பிட வருகிறான். மாப்பைத் தொட்டால் மருமகள், "அத்தை, லைசென்ஸ் இருக்கா?" என்கிறாள். சோஹாருக்கும் மங்காஃபுக்கும் கதை போய்விட்டது. அங்கே கதையில் என் கையில் இரட்டைக்குழல்.

ஏட்டி மித்ரா, இங்க வா. இத முதல்ல இருந்து வாசி, நான் கேக்கேன். ரவைன்னு வாற எடத்துல சிரிச்சுக்கோ. தாத்தா நிக்காவ பாரு, அந்த எடம் வந்தா மட்டும் மெதுவா வாசி.