தொர்வானா கிராமத்துக்கு இலவசப் பட்டா

கடலூரில் ஒரு பெரிய அலுவலகம் இருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் வாசலில் நான் உட்கார்ந்து மனு எழுதும் இடம் பறிபோய்விடும். என் பெயர் தங்கராசு. 'தங்கள் சமூகத்துக்கு', 'தாழ்மையுடன்', 'கனிவுடன் பரிசீலித்து' ஆகிய சொற்களை இந்த மாவட்டத்தில் என்னைவிட அதிகமாக எழுதியவர் யாரும் கிடையாது.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். வாங்கிய மனு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாக வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். பதிலில் என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் எந்த உத்தரவும் சொல்லவில்லை. நிர்வாகம் இவ்வளவு காலம் பழுதில்லாமல் நடந்து வருவதற்கு அதுதான் காரணம்.

தேவனாம்பட்டினத்தில் என் எதிர்வீட்டுக்காரி இருசம்மாள். மீன் விற்கிறவள். சுனாமி பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு, கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் புறம்போக்கில் ஒரு வீடு கட்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடும் அப்படிக் கட்டியதுதான், என் வீடு உட்பட. அங்கே பூங்கா வரப்போகிறது, பட்டா இல்லாத வீட்டையெல்லாம் இடித்துவிடுவார்கள் என்று 2010-ல் ஒரு பேச்சு கிளம்பியது. அதற்குள்ளாகவே பட்டா கேட்டு இருசம்மாள் ஒன்பது மனு கொடுத்திருந்தாள். ஒன்பதையும் எழுதியது நான்தான். ஒன்பதுக்கும் ஒரே பதில்:

'மேற்படி இடத்தைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்வையிட்டு விசாரித்ததில், மனுவில் கண்டவாறு வீடு ஏதும் இல்லை எனத் தெரியவருவதால், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

அந்தப் பதிலை ஒன்பது முறையும் தபால்காரர் அந்த இல்லாத வீட்டுக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்பதாவது பதிலைப் படித்ததும் இருசம்மாளின் மகள் எழிலரசிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிற பெண். "மாமா, அந்த ஆளு நம்ம தெருவ எந்தக் காலத்துலயும் எட்டிப் பாத்ததே இல்ல. இத நான் நிரூபிச்சுக் காட்றேன். ஒரு மனு எழுது" என்றாள்.

"எந்த ஊருக்கும்மா?"

"தொர்வானா."

தொர்வானாவை எனக்கும் தெரியும். அரசு கொடுத்த கலர் டி.வி.யில் ஞாயிறு காலை தமிழில் பேசிக்கொண்டு வரும் வெளிநாட்டுத் தொடர் ஒன்று. இருபது வருஷமாக எடுக்கிறார்களாம். அதில் வரும் கிரகம்தான் தொர்வானா. மூன்று நிலா, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஜனங்களுக்கு நெற்றி இரண்டு மடிப்பாக இருக்கும். விண்கலத்தின் தளபதி வாரம் தவறாமல் அங்கே போய் மாட்டிக்கொண்டு, "தோழர்களே, அஞ்ச வேண்டாம்!" என்று செந்தமிழில் கத்துவார்.

எழிலரசியின் திட்டம் எளிமையானது. 'நேரில் பார்வையிட்டோம், வீடு ஏதும் இல்லை' என்று பதில் வரும். அதை எடுத்துக்கொண்டு மேலே போனால் புளுகு வெளிப்படும். அம்மாவின் ஒன்பது மனுவையும் மறுபடி விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

நான் எழுதினேன். 'தொர்வானா கிராமத்தில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பட்டா இன்றித் தவித்து வருகிறோம்.' மாவட்டம் கடலூர் என்று போட்டேன். வட்டம் என்ற இடத்தில் எங்கள் வட்டத்தையே போட்டேன். அதையும் சொல்ல மாட்டேன்.

மனு அந்த வட்டத்தின் தலைமை எழுத்தர் ராஜசபேசனிடம் போய்ச் சேர்ந்தது. சிதம்பரம் கீழவீதியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர். கிராமப் பட்டியலைப் புரட்டினார். தொர்வானா இல்லை. மனு தவறாக இருக்க முடியாது, ஏனென்றால் அதற்கு எண் போட்டாகிவிட்டது. ஆகவே பட்டியல்தான் தவறு என்று முடிவு செய்தார். பட்டியலின் அடியில் பேனாவால் தொர்வானாவைச் சேர்த்து, கிராம நிர்வாக அலுவலர் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார்.

கலியமூர்த்தி ஏற்கெனவே ஐந்து கிராமத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் ஊரும் அதில் ஒன்று. பார்த்துக்கொள்கிறார் என்பது அலுவலக வழக்கில் சொல்வது.

"ஆறாவதா சார்? அஞ்சுக்கே நாக்கு தள்ளுது."

"கூடுதல் பொறுப்புய்யா. நாளைக்கி ரிப்போர்ட் வேணும். இன்னொண்ணு, இந்த வருஷ பட்டா இலக்குல நமக்கு நாப்பத்திரண்டு கொறையிது. அங்க கேஸ் கீஸ் எதுனா இருக்கா?"

"இல்ல சார்."

"ஆக்கிரமிப்பு?"

"யாரும் புகார் குடுக்கல சார்."

"தங்கமான ஊருய்யா. எழுதிக் குடு."

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்து கலியமூர்த்தி எழுதினார். 'மேற்படி கிராமத்தை நேரில் பார்வையிட்டு, கிராமத்தாரை விசாரித்ததில், மனுதாரர்கள் வறுமையில் வாடுபவர்கள் என்றும், குடிநீர் வசதி மட்டும் சற்றுக் குறைவு என்றும் தெரியவருகிறது. பட்டா வழங்கப் பரிந்துரை செய்கிறேன்.' இருபதாம் நாள் நாற்பத்திரண்டு இலவச வீட்டுமனைப் பட்டா தயாராகிவிட்டது.

மனுவில் கொடுத்திருந்த காலேஜ் முகவரிக்கு வந்த உத்தரவை எடுத்துக்கொண்டு எழிலரசி ராஜசபேசனிடம் ஓடினாள். கூடவே இருசம்மாளும் நானும்.

"சார், இது டி.வி.ல வர்ற கிரகம். பூமியிலயே இல்ல!"

ராஜசபேசன் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கலவரம் எதுவும் தெரியவில்லை.

"பாப்பா, இதுல ஏழு பேரு கையெழுத்து இருக்கு. ஏழு பேரு கையெழுத்துப் போட்ட ஊரு எப்படி இல்லாம போவும்?"

"அப்ப நேர்ல போயி பாத்தாருன்னு எழுதிருக்காரே?"

"பாத்திருப்பாரு. அத வுடு. வர்ற வெள்ளிக்கெழம பட்டா வழங்குற விழா. அந்த ஊர்லேருந்து ஒருத்தரும் வரலைன்னு நானே மண்டைய ஒடச்சிக்கிறேன். நாப்பத்திரண்டு பேரு மேடையில நிக்கணும்." அவர் இருசம்மாளைப் பார்த்தார். "ஏம்மா, உனக்குப் பட்டா வேணுமா வேணாமா?"

ஒன்பது மனு கொடுத்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது?

"வேணும் சாமி" என்றாள் இருசம்மாள்.

"அம்மா! அது வேற கிரகம்!"

"இருந்துட்டுப் போவட்டும்டி. எந்த ஊருதா இருந்தா இன்னா, பட்டா பட்டாதான? நாளைக்கி ஒருத்தன் வந்து கேட்டா காட்றதுக்கு என் கையில ஒரு காயிதம் இருக்குமில்ல?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. தெருவுக்கும் நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆள் போனது. குறைந்த ஒன்றுக்கு ராஜசபேசனின் மைத்துனர் சிதம்பரத்திலிருந்து வந்து நின்றார். எனக்கு மனை எண் பதினேழு. வாங்கும்போது நானும் குனிந்து கும்பிட்டேன், பொய் சொல்வானேன். இருசம்மாள் பட்டாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினோம். அப்புறம் நாற்பத்தொரு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது.

'தங்களுக்குத் தொர்வானா கிராமத்தில் மனை வழங்கப்பட்டுள்ளதால், தேவனாம்பட்டினத்தில் தாங்கள் செய்துள்ள ஆக்கிரமிப்பைப் பதினைந்து நாட்களுக்குள் காலி செய்து, மேற்படி கிராமத்துக்குக் குடிபெயருமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது.'

ஆறு வருஷமாக இல்லாத வீடு, இடிப்பதற்காக அன்றைக்கு உண்டாகிவிட்டது.

இருசம்மாள் நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று மீனுக்குப் போகவில்லை. எழிலரசி அழுதாள். தான் விளையாட்டாகச் செய்தது அம்மாவின் தலையில் விடிந்ததே என்று அழுதாள். அவள் கேட்டதும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தவன் நான்.

பதினைந்தாம் நாள் கலியமூர்த்தி வந்தார். சர்வீஸிலேயே முதல் தடவையாக எங்கள் தெருவுக்குள் வந்தார். இடம் தெரியாமல் மூன்று பேரிடம் வழி கேட்டாராம். இருசம்மாள் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

"அய்யா, நாங்க போறதுக்குத் தயார்தான்" என்றாள் இருசம்மாள். "நீங்கதான் நேர்ல போயி பாத்தவரு. வழியக் காட்டுங்க, பின்னாலயே வர்றோம்."

கலியமூர்த்தி டீயை உறிஞ்சினார். கெட்ட மனிதர் இல்லை, பாவம். பெயரன் பேத்தி எடுத்தவர்.

"ஏம்மா, எதுக்கு வம்பு? நீங்கள்லாம் காலி பண்ணிக்கினு போயிட்டீங்கன்னு எழுதிர்றேன். ஃபைல் க்ளோஸு. அப்புறம் ஒரு பய இந்தப் பக்கம் வர மாட்டான்."

"நாங்க இங்கதான இருப்போம்?"

"இருங்க. யாரு வேணாம்னா?"

எழிலரசி விடவில்லை. "காலி எடம்னு எழுதிட்டா பூங்காவுக்கு எடுத்துக்குவாங்களே சார்?"

"எடுக்கணும்னா மறுபடி ஸ்தல விசாரணை பண்ணணும். அத நான்தான் நேர்ல வந்து பண்ணணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "நான் எங்க வரப்போறேன்?"

தெருவே மூச்சு விட்டது. இருசம்மாள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இருசம்மாள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, 'மேற்படி இடத்தில் வீடோ ஆட்களோ இல்லை என நேரில் கண்டேன்' என்று கலியமூர்த்தி எழுதினார். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். நாற்பத்தொரு பேரும் வரிசையில் நின்று போட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாற்றி வருவது அந்த மனிதரின் சோம்பல்தான். அதற்கும் போன மாதம் ஆபத்து வந்தது. கலியமூர்த்தியை மாற்றப்போகிறார்களாம். வரப்போகிறவர் சின்ன வயசாம், துடியாம், மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வீடு வீடாகப் பார்ப்பாராம். கேட்டதும் இருசம்மாள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

திங்கட்கிழமை விடியும் முன்பே தெருவே என் முன்னால் வந்து நின்றது. நான் எழுதினேன். 'கடமை தவறாத, கண்ணியம் மிக்க கிராம நிர்வாக அலுவலர் திரு. கலியமூர்த்தி அவர்களை இவ்விடத்தை விட்டு மாற்றக் கூடாது எனத் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.'

எழிலரசி வாங்கிப் படித்தாள். போதாது என்றாள். பேனாவைப் பிடுங்கி, 'கிராம நிர்வாக அலுவலர்' என்பதற்கு முன்னால் தன் கையாலேயே சேர்த்தாள்: 'எதையும் நேரில் பார்க்காமல் எழுதாதவரான.'