ஈட்டி எட்டாத இடம்

நெடுவேல்நாடு எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தைப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தை மடித்து மடித்து வைத்ததில் அந்த நாடு மடிப்பில் விழுந்து அழிந்துபோயிற்று. நாடு அழியவில்லை, படத்தில் மட்டும்தான் இல்லை. நாடு திவ்வியமாக நடந்துகொண்டுதான் இருந்தது.

அங்கே ஒரு மனிதனின் தகுதியை அவன் ஈட்டியின் நீளத்தை வைத்துச் சொல்வார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எவ்வளவு நிலம் என்று கேட்பதில்லை. ஈட்டி என்ன நீளம் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். படை அமைச்சர் மார்தட்டியார் சபையில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய ஈட்டியின் அடிப்பக்கம் அவர் மடியிலும் முனை கடைத்தெருவிலும் இருக்கும். மாமன்னர் வானளந்தாரின் ஈட்டியோ தலைநகரின் குறுக்கே முட்டுக்கொடுத்துக் கிடத்தப்பட்டிருந்தது. அதை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. வெயில் நாட்களில் வடக்குத்தெருப் பெண்கள் அதில் சேலை காயப்போடுவார்கள். அதற்கும் ஒரு வரி உண்டு.

பக்கத்து நாடு குட்டைமலை. அதன் தலைவன் கொம்பையன். சந்தைக்குப் போகும் ஆற்றுத்துறை யாருக்குச் சொந்தம் என்று இரு நாட்டுக்கும் தகராறு வந்தது, சண்டையும் வந்தது. குட்டைமலைக்காரர்களிடம் இருந்ததெல்லாம் ஆள் உயர ஈட்டியும் ஒரு தோல் கேடயமும்தான். நம்மவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. எதிரிகள் முதல் குத்தைக் கேடயத்தில் வாங்கினார்கள். ஈட்டிமுனையை ஓரமாகத் தள்ளினார்கள். இரண்டே எட்டில் உள்ளே வந்துவிட்டார்கள். முனையைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்துவிட்டால் நீள ஈட்டி வெறும் கொம்பு. அதை வைத்து மாங்காய் பறிக்கலாமே தவிர, மூக்குக்கு நேரே நிற்கிறவனை ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் இழுத்துக் குத்தலாம் என்றால் பின்னால் நிற்கிற நம்மாள் வயிற்றில் அடிப்பக்கம் இடிக்கும். நெடுவேல்நாட்டுப் படை அன்று ஓடிய ஓட்டத்தை அந்த நாட்டுக் குதிரைகள்கூட ஓடியதில்லை.

அரண்மனையில் விசாரணை நடந்தது. முன்வரிசையில் நின்று உயிரோடு திரும்பிய வீரன் இருளப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

“தோல்விக்குக் காரணம் என்ன?” என்று மார்தட்டியார் கேட்டார்.

“கிட்ட வந்துட்டாங்க அய்யா.”

“எவ்வளவு கிட்ட?”

“காலையில வெங்காயம் தின்னுருக்கான்னு தெரிஞ்சுது அய்யா.”

மார்தட்டியார் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். பிறகு மன்னர் பக்கம் திரும்பி, “மாமன்னா, காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஈட்டியின் நீளம் போதவில்லை. இன்னும் நீளமாக இருந்திருந்தால் எதிரி இன்னும் தூரத்தில் அல்லவா நின்றிருப்பான்?” என்றார்.

“அருமை” என்றார் வானளந்தார். சபையும் அருமை என்றது.

அன்றே சட்டம் வந்தது. ஒவ்வொரு ஈட்டியும் மூன்று ஆள் நீளம் இருக்க வேண்டும். அத்தனை கழிக்கு மூங்கிலுக்கு எங்கே போவது? குடிமக்களின் கூரையில் இருந்தது. உருவிக்கொண்டு போனார்கள். மழைக்காலம் வேறு. ஜனங்கள் அண்டாவையும் குண்டானையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார்கள். ஈட்டி செய்து முடிந்தபிறகுதான் இன்னொன்று தெரிந்தது. தெருமுனையில் அந்த ஈட்டி திரும்பவில்லை. ஈட்டியைக் குறைக்கலாம் என்று வாய்தவறிச் சொன்ன தச்சனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, தெருமுனை வீடுகளை எல்லாம் இடித்தார்கள். இருளப்பனின் வீடும் தெருமுனையில்தான் இருந்தது. அவன் மனைவி காத்தாயி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு ஆறாதது கேடய விவகாரம். மூன்று ஆள் நீள ஈட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். கேடயம் பிடிக்கக் கை ஏது? ஆகவே கேடயங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவற்றில் மன்னர் படத்தை எழுதி, அரசாங்கக் கச்சேரிகளிலும் பள்ளிகளிலும் மாட்டி மாலை போட்டுவிட்டார்கள். அடுத்த சண்டையில் நெடுவேல்நாடு இரண்டு ஊர்களை இழந்தது, இருளப்பன் இடது காதை இழந்தான்.

காத்தாயி நேரே படை அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

“அய்யா, எம் புருசனுக்கு ஒரு கேடயம் குடுங்க. ஈட்டி எத்தாந்தண்டியா இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டும். மறைச்சுக்க ஒண்ணு வேணாமா? மிச்சம் இருக்கறது ஒத்தக் காது.”

மார்தட்டியார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “தாயே, கேடயம் கொடுத்தால் என்ன அர்த்தம்? எதிரி கிட்டே வருவான் என்று அரசே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். எதிரி கிட்டே வரமாட்டான் என்பது நம் அரசின் கொள்கை.”

“அவன்தான் வந்துட்டானே அய்யா! காதைக் கொண்டுக்கிட்டே போயிட்டானே!”

“அது கொள்கையை அவன் படிக்காத குற்றம்.”

இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் மார்தட்டியார் சிரிக்காமல்தான் சொன்னார். அந்த வாக்கியத்தை மறுநாள் ஊர்ச்சுவர்களில் எழுதிவைத்தார்கள்.

மூன்றாவது சண்டைக்கு ஈட்டி ஐந்து ஆள் நீளமாகப் போகிறது என்று தகவல் வந்தது. காத்தாயி அண்டா மூடியில் கயிறு கட்டி இருளப்பனின் மார்பில் மாட்டி, மேலே சட்டையைப் போட்டுவிட்டாள். “யாருக்கும் காட்டாதய்யா. நீ எனக்கு முழுசா வேணும்” என்று சொல்லி அனுப்பினாள். அணிவகுப்பில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தபோது டணார் என்று சத்தம் கேட்டது. மார்தட்டியார் சட்டையைத் திறந்து பார்த்தார். எதிரியின் வரவை எதிர்பார்த்த குற்றத்துக்காக இருளப்பனை முன்வரிசைக்கும் முன்னால் தனியாக நிறுத்த உத்தரவாயிற்று. மூடியும் பறிமுதல்.

“போச்சுடி! இனி சோறு கொதிச்சா மூடவும் ஒண்ணு இல்ல, புருசனை மூடவும் ஒண்ணு இல்ல” என்று காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் மூன்றாவது சண்டை நடக்கவில்லை. அதற்குமுன் ஒரு காரியம் நடந்துவிட்டது. அரண்மனைத் திடலில் படை முழுக்கக் கூடி நிற்கும்போது குட்டைமலைக் கொம்பையன் தனியாளாக உள்ளே நடந்துவந்தான். ஈட்டிகள் எல்லாம் அவனை நோக்கித் திரும்ப முயன்றன. ஐந்து ஆள் நீளமாயிற்றே, ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு விறகுக்கட்டாகிவிட்டன. அவன் முனைகளுக்குக் கீழே குனிந்து, வரிசைகளைத் தாண்டி, மன்னரின் சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டான். மார்தட்டியார் மயங்கி விழுந்தார். மயக்கத்திலும் அவர் விழுந்தது நல்ல மெத்தையில்தான்.

கொம்பையன் மன்னரின் காதில் ஏதோ சொன்னான். மன்னர் யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மாலை கொண்டுவரச் சொன்னார். சற்று நேரத்தில் முரசு அறைந்தார்கள்: “எதிரி ஒழிந்தான்! நேற்றுவரை நம் பகைவனாக இருந்த கொடியவன் கொம்பையன் இனி இல்லை! இன்றுமுதல் மாண்புமிகு அமைச்சர் கொம்பையனார் நம்மோடு இருக்கிறார்! அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்கள் எல்லாம் சொன்னவர்கள் வாயிலேயே தங்கிவிடக் கடவது!”

ஜனங்களுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஒரே கூத்தாட்டம். எதிரி இல்லை என்றால் சண்டை இல்லை. சண்டை இல்லை என்றால் ஈட்டி எதற்கு? கூரை மூங்கிலைத் திருப்பிக் கொடுப்பார்கள், புருசன்மார்களை வீட்டுக்கு விடுவார்கள். காத்தாயி இரண்டு நாளாகச் சாப்பிடாதவள், அன்று ஒரு சட்டிக் கூழைக் குடித்துவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். ஊரே அவள் பின்னால் அரண்மனைக்குப் போயிற்று.

மேல்மாடத்தில் மன்னரும் இரண்டு அமைச்சர்களும் வந்து நின்றார்கள்.

“கூட்டமாக வருகிறார்களே, யார் இவர்கள்?” என்றார் வானளந்தார்.

“வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வருகிறார்கள் அல்லவா மாமன்னா? வருவதுதானே எதிரியின் லட்சணம்!” என்றார் மார்தட்டியார். எதிரி இல்லாமல் தன் துறை என்னாகுமோ என்று காலையிலிருந்து கலங்கிப்போயிருந்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “படையே, ஈட்டிகளைத் தாழ்த்து!”

ஈட்டிகள் தாழ்ந்தன. கூட்டம் அப்படியே நின்றது. காத்தாயியின் நெற்றிக்கு நேரே ஒரு முனை ஆடிக்கொண்டிருந்தது. அதன் மறுகோடியில், ஐந்து ஆள் தூரத்தில், ஒற்றைக் காதோடு இருளப்பன் நின்றான். அவன் அங்கே விசும்பிய விசும்பலுக்கு இந்தப் பக்கம் முனை முழம்முழமாக ஆடியது.

“ஏ புள்ள, போயிரு! உத்தரவுடி!” என்று அவன் அங்கிருந்து கத்தினான். பாவி, அழுதுகொண்டே கத்தினான்.

காத்தாயி ஒரு கணம் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, முனையை ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கழியோரமாகவே விடுவிடென்று நடந்து அவன் மூக்குக்கு நேரே போய் நின்றாள்.

“இப்ப குத்துய்யா பாப்போம்!”

அவனால் எப்படிக் குத்த முடியும்? மனசும் இல்லை, இடமும் இல்லை. அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதைப் பார்த்துப் பின்னால் நின்ற பெண்களும் ஆண்களும் அதேபோல முனைகளைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படைக்கும் ஜனத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. “சாப்பிட்டியா?”, “கால் புண்ணு ஆறிச்சா?” என்று திடல் முழுக்கத் திருவிழாக் கூச்சல். ஈட்டிகள் தரையில் கிடந்தன.

மாடத்தில் வானளந்தாருக்கு வியர்த்துவிட்டது. “என்ன நடக்கிறது அங்கே?”

கொம்பையனார் தொண்டையைச் செருமினார். “மன்னா, இது எனக்குப் பழக்கமான விஷயம்தான். கிட்டே வந்துவிட்டார்கள். கிட்டே வந்தவனை நீள ஈட்டி ஒன்றும் செய்யாது. ஆள் உயர ஈட்டியும் கையில் ஒரு கேடயமும் கொடுங்கள். தள்ளிக்கொண்டே போய்விடலாம்.”

“ஆஹா!” என்றார் மார்தட்டியார். “எவ்வளவு எளிமையான உண்மை!”

இரண்டு பெரிய தோல்வியிலும் ஒரு காதிலும் அந்த அரசுக்குப் புரியாதது, அன்று மேல்மாடத்தில் நின்றவாறே புரிந்துவிட்டது. எல்லார் பேச்சையும் கேட்பதாக மன்னர் வாக்குக் கொடுத்து ஜனங்களை அனுப்பிவைத்தார். பொழுது சாய்வதற்குள் ஈட்டிகளை எல்லாம் குட்டையாக வெட்டச் சட்டம் வந்தது. கொல்லர்களையும் தோல் தைப்பவர்களையும் தூங்கவிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் இருளப்பன் வேப்பமரத்தடிக்கு வந்தான். தோளில் ஆள் உயர ஈட்டி. கையில் புத்தம்புதிய கேடயம், கழுத்திலிருந்து முழங்கால்வரை மறைக்கிற அளவு. காத்தாயி அடுப்பை விட்டு எழுந்து ஓடிவந்து அதைத் தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

“கடைசீல குடுத்துட்டாங்களாய்யா! இனி உன்மேல ஒரு கீறல் விழாது. ஆமா, சண்டைதான் முடிஞ்சுபோச்சே, இப்ப யாருகிட்டேருந்து மறைச்சுக்கச் சொல்லி இதைக் குடுத்தாங்க?”

இருளப்பன் கேடயத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

“உங்கிட்டேருந்துதான் புள்ள” என்றான்.