டப்பா மிஸியிடம் சிக்கிய அண்ணன்

கேமரன் மலையில் குளிருக்குப் பயப்படாதவர்கள் உண்டு. தோட்டத்துத் துரைக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. டப்பா மிஸிக்குப் பயப்படாத ஐம்பது வயதுக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ரிங்லெட் கிளினிக்கில் அவர் தாதி. எங்கள் பக்கம் தாதி என்றால் மிஸி. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. குடலில் புற்றுநோய் எட்டிப் பார்க்கிறதா என்று முன்கூட்டியே அறிய, ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மலம் எடுத்துவரச் சொல்லிச் சின்ன டப்பா கொடுப்பது அவர் பொறுப்பு. வாங்கிப் போன டப்பாக்களோ கிளினிக்குக்குத் திரும்புவதே இல்லை. ஒருவர் அதில் தையல் ஊசி போட்டு வைத்திருந்தார்.

பொறுத்துப் பார்த்த மிஸி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில், கங்காணிக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டியோடு நிற்பார். மூட்டையை இறக்கியதுமே, "கொழுந்து வந்துருச்சு, டப்பா எங்கக்கா?" என்று மலையே கேட்கும்படி ஒரு குரல். கல்யாணப் பந்தியில், பாயசம் வரும் நேரம் பார்த்தும் கேட்டிருக்கிறார்.

கடைசியில் டப்பாக்கள் வந்தன. காலமெல்லாம் தராசுக்கு முன்னால் நின்ற சனம் அல்லவா? எடை குறைந்தால் மானம் போய்விடும் என்று விளிம்பு வரை அமுக்கி நிரப்பிக் கொண்டுவந்தார்கள். மிஸி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, இது கொழுந்து இல்ல லா! குச்சில லேசா ஒட்டுனா போதும். கொஞ்சம் போதும், கொஞ்சம்!"

அவரிடம் சிக்காத ஒரே ஆள் என் அண்ணன், தோட்டத்து லோரி டிரைவர். எங்கள் அப்பா குடலில் கட்டி வந்துதான் போனார். தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்பா போன வயதை அண்ணன் தொட்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம். அவருக்கோ மிஸியின் மோட்டார் சத்தம் கேட்டாலே லோரிக்கு அடியில் ஏதோ ஒன்று பழுதாகிவிடும். உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் தேயிலை மேட்டின் குறுகலான பாதையில், லோரிக்கு முன்னால் மோட்டாரைக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார் மிஸி. நானும் லோரியில் இருந்தேன்.

"மிஸி, கொழுந்து வாடுது. ஃபேக்டரில ஏசுவாங்க."

"ஏசட்டும். டப்பா எங்கண்ணே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல லா. கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லையும் சோதிப்பேன். எதுக்குப் பயப்படுறீங்க?"

அண்ணன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன நோவுன்னு தெரிஞ்சப்புறம் எங்கப்பா சிரிக்கவே இல்ல, மிஸி."

மிஸியின் குரல் இறங்கியது. "அவருக்கு லேட்டா தெரிஞ்சிச்சு. உங்களுக்கு முன்னாடியே தெரியட்டும்ணே."

மறுநாள் டப்பா வந்தது. சோதனையில் ரத்தம் இருப்பதாகத் தெரிந்தது. "ரத்தம்னா உடனே கேன்சர்னு இல்ல. குழாய் விட்டுப் பாத்துட்டா தெரிஞ்சிரும்" என்ற மிஸி, லீவு போட்டுவிட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். முந்தின நாள் வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடித்த அண்ணன் கக்கூசுக்கு நடந்த நடையில் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கே இறங்கியிருக்கலாம்.

குடலில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்தது. அப்போதே வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் ரோடு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே நிறுவை இடத்துக்கு வந்தார் மிஸி. ரகசியம் காக்கவேண்டிய உத்தியோகம் என்பதெல்லாம் அவருக்கு மறந்தேபோயிற்று.

"அண்ணே, கேன்சர் இல்ல! விட்டிருந்தா ஆயிருக்கும்னாங்க. இப்ப இல்ல லா!"

அண்ணன் கொழுந்து மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தார். பிறகு சிரித்தார், அப்பா சிரிக்காமல் விட்டதையும் சேர்த்து. எனக்குத்தான் அழுகை வந்தது.

போன மாதம் மிஸிக்குக் குவாந்தானுக்கு மாற்றல். வழியனுப்ப வந்த அண்ணன், பிஸ்கட் டின் ஒன்றில் தேயிலைத் தூளை விளிம்பு வரை அமுக்கி நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினார்.

"கொஞ்சம் போதும் லா, அண்ணே" என்றார் மிஸி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அண்ணன் மூடியைத் திறந்து, இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு அமுக்கினார்.