தலைவரித் தம்பி

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் ஆபீஸ் இருக்கும்வரை, தலைவரியை மிஞ்சிய பிடிவாதக்காரன் அங்கே முளைக்கப் போவதில்லை. சொந்தப் பெயரை அவனே மறந்திருப்பான்.

நாங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்கள். மெஷின் படுத்துவிட்டால், ஏன் படுத்தது என்று அதன் லாக்கில், அதாவது நடப்பதையெல்லாம் அது வரிவரியாகப் பதிந்துவைக்கும் ஏட்டில்தான் தேடுவோம். அதில் ஒரே சமயத்தில் பல பக்கமிருந்தும் செய்திகள் வந்து விழும். நாலு வரிச் செய்தி வந்தால் நடுவில் வேறொன்றின் வரி நுழைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரியின் தலையிலும் அது எதைப் பற்றியது என்று போட்டே ஆகவேண்டும் என்பான் இவன். முதல் வரிக்கு மட்டும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. "மீதி மூணும் அநாதையாக்கா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தான். சர்க்கார் வரியைக்கூட ஏய்த்துவிடலாம், இவனை முடியாது. அதனால்தான் அந்தப் பட்டம்.

சரி, ஆபீஸோடு விட்டானா? டீக்கடையிலும் அதே கூத்து. "டீ: ஒண்ணு. டீ: சக்கரை வேணாம். டீ: ஸ்ட்ராங்கா."

கடைக்காரர் மூன்று டீ கொண்டுவந்து வைத்தார். "மூணு வாட்டி சொன்னியேப்பா!"

மூன்றையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான், வீம்புக்காரன்.

ஒரு நாள், லேட்டாக வருவேன் என்று மட்டும் சொல்லியிருந்தான். அன்று ஆபீஸில், எங்களோடு வேலை பார்க்கும் புது மாப்பிள்ளை மதனின் பிரியாணி விருந்து. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் தலைவரியிடமிருந்து "அப்பா" என்று வந்தது. பசியில் பெருமூச்சு விடுகிறான் என்று நினைத்தோம். அதன் கீழே மதன், "பிரியாணிக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டான். மறுபடி தலைவரி: "இப்பதான்". அடுத்து, "போயிட்டாரு".

வாசலில் நிற்கிறான் போலிருக்கிறது! "ஐயோ, போக விடாதடா! திரும்பக் கூப்பிடு!" என்று மதன் எழுத, ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டோம்.

எனக்குத்தான் உறுத்தியது. இவன் எழுதியதில் எந்த வரிக்கும் தலை இல்லையே? போன் போட்டேன்.

"அக்கா, அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தோம்க்கா... வரிக்கு வரி 'அப்பா'ன்னு போட்டிருக்கணும். கை வரலக்கா."

பாவி, அப்போதும் தப்பு தன்மேல்தான் என்கிறான். எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

சாயங்காலம் குருசுக்குப்பத்தில் அவன் வீட்டுக்கு எல்லோரும் போனோம். மதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுடா, தெரியாம எழுதிட்டேன்" என்று தேம்பினான்.

"விடுடா," என்றான் தலைவரி. "திரும்பக் கூப்பிடுங்கன்னு நானும்தான் டாக்டர்கிட்ட கத்திக்கிட்டிருந்தேன்."

எல்லோரும் கிளம்பிய பிறகும் எனக்கு அவனை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.