கிரேன் நைனாவின் கடற்கரை

கோலார் தங்கவயலில் சாகாமலே சந்தன மாலை வாங்கிய ஒரே மனிதர் கிரேன் நைனாதான். யாராவது மறுத்தால் என் கடைக்கு வரட்டும். மாலையை மாட்டியவனே நான்.

ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை எங்களுடையது. வாடிக்கையாளர்கள் இரண்டே வகை. சாமி படத்தோடு வருகிறவர்கள், செத்தவர் படத்தோடு வருகிறவர்கள். சாமிக்குக் குங்குமப் பொட்டு, செத்தவருக்குச் சந்தனச் சீவல் மாலை, இரண்டும் இலவசம். இது அப்பா வைத்த வழக்கம். உயிரோடு இருக்கிறவன் தன் படத்தைத் தானே தூக்கிக்கொண்டு வருவான் என்று அப்பா பாவம் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

நைனாவுக்குப் பெயர் என்னவோ ஒன்று இருந்தது, ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். பெரிய பெரிய எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில், கூரையை ஒட்டி ஓடும் கிரேனில் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்குவது அவர் வேலை. கீழே இருப்பவன் கத்தினால் மேலே கேட்காது. எல்லாம் கைஜாடைதான். கட்டைவிரல் மேலே போனால் தூக்கு, உள்ளங்கை தரையைப் பார்த்தால் இறக்கு, முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. இதில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு என்பதை அதற்கென்று நிற்கிறவன்தான் சொல்லலாம். நிறுத்து என்பதை யார் சொன்னாலும், தரை பெருக்குகிறவர் சொன்னாலும், அந்த நிமிஷமே நிறுத்தியாக வேண்டும்.

நைனா இந்தச் சட்டத்தை ஊருக்கும் இறக்குமதி செய்துவிட்டார். டீக்கடையில் உள்ளங்கையைக் கவிழ்ப்பார், டீ மேசையில் இறங்க வேண்டும். ஒருநாள் பங்காருப்பேட்டை பஸ்ஸில் யாரோ சோம்பல் முறிக்க முஷ்டியை உயர்த்தப்போக, படியில் ஒரு காலை வைத்த நைனா அப்படியே நின்றுவிட்டார். பஸ் போய்விட்டது.

அவர் ஓய்வு பெறும் வருடத்தில், அப்படிப்பட்டவர்களுக்கென்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். "ரிட்டயர் ஆனப்புறம் எப்படி வாழணும்னு ஆசையோ, அதையெல்லாம் படமா வெட்டி ஒரு போர்டுல ஒட்டுங்க. தினமும் காலைல பாருங்க, நடக்கும்" என்றாராம். மற்றவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். நைனா நேராகப் போய்க் கத்தரிக்கோல் வாங்கினார்.

அந்த வருடம் எங்கள் வீதியில் எந்தக் காலண்டரும் முழு ஆயுள் வாழவில்லை. எங்கள் கடைக் காலண்டர் ஆகஸ்டிலேயே டிசம்பரை இழந்தது. டிசம்பர் செய்த குற்றம், அதில் ஒரு தென்னைமரம் இருந்தது.

பிறகு ஒருநாள் பெரிய அட்டையோடு வந்தார்.

"தம்பி, இத்த அப்படியே கண்ணாடி போட்டுக் குடு. இதான் ரிட்டயர் ஆனப்புறம் நானு."

பார்த்தேன். கடல், தென்னை, சிமெண்ட் விளம்பரத்திலிருந்து ஒரு மாடி வீடு, மாட்டுத்தீவன விளம்பரத்திலிருந்து ஒரு சீமைப் பசு. நடுவில், ஈசி சேரில் அரை டிராயரோடு சாய்ந்திருந்தான் ஒரு வெள்ளைக்காரன். அவன் கழுத்துக்கு மேலே நைனாவின் பாஸ்போர்ட் சைஸ் தலை. தலை பசுவைவிடப் பெரிது.

"இன்னா நைனா, நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காததாலதானே தம்பி போறேன்! குவார்ட்டர்ஸ் எப்படியும் காலி பண்ணணும். கடலூர் பக்கம் ஒரு எடம் சொல்லிக்கீறாங்க. அடுத்த மாசம் பேசி முடிச்சிடுவேன்."

"சரோஜாக்கா இன்னா சொல்றாங்க?" என்று அவர் மனைவியை இழுத்தேன்.

"அவ இன்னா சொல்வா?" என்றார். குடும்பம் நடத்துகிற ஆண்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

கண்ணாடி போட்டு, பின்பக்கம் பிரவுன் பேப்பர் ஒட்டித் துடைத்தேன். படத்தில் மனிதத் தலை இருந்தது. என் கை அது பாட்டுக்குப் போய் ஒரு சந்தன மாலையை எடுத்து மாட்டியது. பேப்பரில் சுற்றி, அவர் சொன்னபடியே குவார்ட்டர்ஸில் அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நைனா ஷிஃப்டில் இருந்தார். சரோஜாக்கா பஜாரில் தன் தையல்கடையில் இருந்தார்.

அந்த அம்மா பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். எங்கள் கடைக் கண்ணாடி, உள்ளே நைனா, மேலே மாலை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். "ஐயோ நைனா!" என்று அவர் வைத்த கூச்சல் தெருமுனை வரை போயிற்று.

சரோஜாக்கா ஓடிவருவதற்குள் வாசலில் நாற்காலிகள் போட்டாயிற்று. தொழிற்சாலைக்கு யார் ஃபோன் செய்வது என்று ஒரு கோஷ்டி தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போதே ஷிஃப்ட் முடிந்துவிட்டது. நைனா சைக்கிளில் வந்தார். கூட்டத்தைக் கண்டதும் சைக்கிளைச் சத்தமில்லாமல் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"யாருப்பா? எப்போ?"

"நம்ம நைனாதான். நேத்துகூட நல்லாத்தான்..." என்று திரும்பிய மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள், சரோஜாக்காவைத் தவிர. அவர் மடியில் அந்தப் படம் இருந்தது.

"இதுல நான் எங்க?"

நைனா படத்தை எட்டிப் பார்த்தார். கடலில் தேடினார். பசுவுக்குப் பின்னால் தேடினார். பிறகு அந்த மாடி வீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"நீ உள்ள சமைச்சிக்கினு கீற. அதான் வெளிய தெரியல."

"அப்ப நீங்க மட்டும் போங்க. நான் வரல."

மனுஷர் ஆடிப்போனார். மறுநாளே கடைக்கு வந்து கண்ணாடியைப் பிரிக்கச் சொன்னார். அக்கா தன் படத்தைக் கொடுக்க மறுத்துவிட்டதால், ஒரு புடவை விளம்பரத்துப் பெண்ணை வெட்டி வெள்ளைக்காரன் பக்கத்தில் நிற்க வைத்தார். "வேணாம் நைனா, வம்பு" என்று சொன்னேன். கேட்டால்தானே!

அன்றைக்கே சாயங்காலம் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கா என் கடைக்குள் நுழைந்தார். பின்னால் நைனா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரு இவ?"

"அது நீதான் சரோஜா. மூஞ்சியைப் பாக்காத, புடவையைப் பாரு. அங்க காத்து எப்படி இருக்கும் தெரியுமா? காலைல எழுந்தா பசு..."

சரோஜாக்கா முஷ்டியை உயர்த்தினார்.

நைனா நின்றுவிட்டார், பேச்சும் ஆளும். வாய் திறந்தபடியே இருந்தது. இத்தனை வருடக் குடும்பத்தில் எல்லா ஜாடையும் அக்காவுக்கு அத்துப்படி. ஆனால் அன்றுவரை ஒன்றைக்கூட அவர் மேல் பிரயோகித்ததில்லை.

"கடலுக்கா நான் ஜாக்கெட் தைக்கப் போறேன்? இங்க எனக்குக் கடை கீது. தமிழு, கன்னடம், தெலுங்குன்னு ரோடெல்லாம் என்னைப் பேர் சொல்லிக் கூப்புடறாங்க. அங்க வந்து உங்க முதுகைப் பாத்துக்கினு ஒக்காரணுமா?" குரல் உடைந்துவிட்டது. "எனக்கு எடம் வைக்காததுகூடப் பரவாயில்ல. ஊர்ல கீற காலண்டரை எல்லாம் கேட்டு வாங்கினீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நைனா அந்த முஷ்டியைக் கண்ணால் காட்டினார்.

"கையை இறக்கு சரோஜா. நின்னுட்டேன் இல்ல?"

"மொதல்ல கடலை இறக்குங்க."

கண்ணாடியைப் பிரித்தேன். அக்கா ஜாடை காட்டக் காட்ட, நைனா கடலை மெல்லக் கிழித்து எடுத்தார். புடவைக்காரி போனாள். பசுவும் போயிற்று. ஈசி சேர் இருக்கட்டும் என்று அக்கா முஷ்டியைக் காட்டினார்.

"மணல் வேணும்னா அதோ கீது பாருங்க" என்று வாசல் பக்கம் கை நீட்டினார். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன எங்கள் ஊர் சயனைட் மேடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. "தண்ணிதான் இல்ல. இந்த ஊர்ல யார் வூட்ல தண்ணி கீது?"

நைனா சிரித்துவிட்டார். பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போய் அக்கா படம் எடுத்துக்கொண்டார். வந்த படத்தில் தன் தலையைத் தானே வெட்டி ஒட்டினார், நைனா தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக. மாலை மாட்டாமல் கொடுத்து அனுப்பினேன்.

ஓய்வு பெற்றதும் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தார்கள். வாசலில் மேட்டைப் பார்த்தபடி இரண்டு ஈசி சேர். காற்றடிக்கிற நாளில் மேட்டுத் தூசு வந்து முகத்தில் அப்பும். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னா கடல் காத்து தம்பி!" என்று கத்துவார். அக்கா வாசலிலேயே போட்ட தையல் மிஷினை மிதித்தபடி முஷ்டியைத் தூக்குவார்.

இப்போதும் தினமும் கடை திறக்கும் முன் அந்தப் பக்கமாக ஒரு நடை போய், இரண்டு நாற்காலியிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அந்த வீட்டுக்கு மட்டும் என் கடையிலிருந்து இன்னொரு மாலை போகவே கூடாது என்று சாமியிடம் கேட்கிறேன். வியாபாரி கேட்கக் கூடாத வரம்தான், இருந்தும் கேட்கிறேன்.